தெர்மோஸ்டெட்

பதினாறு வயதில் நான் கற்ற முதல் தொழில், லொறி எஞ்சினிலிருந்து தெர்மோஸ்டெட்டைக் கழற்றி எறிவது. மாத்தளை திருகோணமலை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருந்தது கராஜ். தம்புள்ளையில் விடியுமுன் பூசணியும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும் லொறிகள் நாவுல, நாலந்தா தாண்டி மாத்தளை வரைக்கும் சுகமாக வந்துவிடும். பலகடுவ ஏற்றத்தில்தான் ரேடியேட்டர் கொதிக்கும். கட்டி இழுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். கராஜ் நானா பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"கழட்டி வீசுங்க மகன். தண்ணி நல்லா ஓடட்டும்."

தண்ணீர் ஓடியது. லொறி கண்டி போய்ச் சேர்ந்தது. அந்த ரேடியேட்டர்கள் பாதிக்கு மேல் அடைத்துப்போனவை. புதிது வாங்க லொறிக்காரரிடம் காசிருக்காது. அன்றைக்குச் செய்யக்கூடிய வைத்தியத்தை நானா செய்தார். ஆனால் தெர்மோஸ்டெட் இல்லாத எஞ்சின் தன் சூட்டுக்கு வருவதே இல்லை. காலையில் புகை, ஒயிலில் ஈரம், மாதக் கடைசியில் பார்த்தால் டீசல் செலவு கூடியிருக்கும். அதன் காரணத்தை மொறட்டுவை ஜேர்மன் டெக்கில் படிக்கப் போன பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். இருபது வருஷம் கழித்து, கனடாவில் ஒரு குளிர்களஞ்சியத்தில், நெருப்பே இல்லாத ஓர் இயந்திரத்தின் முன்னால் முழங்காலிட்டிருந்தபோது அந்தப் பாடம் திரும்பி வந்தது.

அந்த இயந்திரம் ஐதரசன் எரிபொருள் கலத்தில் ஓடும் போர்க்லிப்ட். இந்தியாவில் ஹைட்ரஜன் என்று எழுதுவார்கள். மாத்தளையில் நாங்கள் படித்த விஞ்ஞானப் புத்தகத்தில் அது ஐதரசன். கலத்தில் அதோடு சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் ஆக்குவது ஒட்சிசன். எனக்கு அந்தப் பெயர்களில்தான் அவற்றைத் தெரியும்.

எரிபொருள் கலம் என்றதும் எல்லோருக்கும் கார் நினைவுக்கு வருகிறது. வேலை செய்யும் வண்டிகள்தான் இதில் மூத்தவை. 1959இல் அமெரிக்காவின் அலிஸ்-சாமர்ஸ் நிறுவனம் 1008 கலங்களை ஒன்றோடொன்று இணைத்து ஓர் உழவு இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. இன்றைக்கும் உலகத்தில் இந்தத் தொழில்நுட்பம் உண்மையாகவே சோறு போடும் இடம் களஞ்சியங்கள்தான். அமெரிக்காவில் மட்டும் 50,000க்கு மேற்பட்ட போர்க்லிப்ட்கள் ஐதரசனில் ஓடுகின்றன. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் பல்சாக் என்ற ஊரில் வோல்மார்ட் 2010இல் ஒரு குளிர்சாதன விநியோக நிலையம் திறந்தபோது அதன் தூக்கி வண்டிகளை ஐதரசனில்தான் ஓட்டியது. நான் வேலை பார்த்தது வேறொரு களஞ்சியம், வேறொரு மாகாணம்.

ஏன் களஞ்சியம் என்றால், ஈய பெட்டரியின் கஷ்டத்தைப் பட்டவர்களுக்குத் தெரியும். ஒரு தொன் எடையுள்ள பெட்டரி. எட்டு மணித்தியாலம் ஓடினால் எட்டு மணித்தியாலம் சார்ஜ், பிறகு ஆறவும் நேரம் வேண்டும். மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று பெட்டரி, அவற்றை மாற்ற ஓர் அறை, கிரேன், ஆள். உறைகுளிர் அறைக்குள், பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையில், அந்தப் பெட்டரியின் கொள்ளளவும் சுருங்கிவிடும். ஐதரசன் வண்டியை 350 பார் அழுத்தத்தில் நிரப்ப இரண்டு மூன்று நிமிஷம் போதும். டாங்கில் கொஞ்சம் இருக்கும் வரை ஒரே பலத்தோடு தூக்கும்.

முதன்முதலில் பெட்டரிக்குப் பதிலாக வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது எனக்கு ஆச்சரியம் தந்தது கலம் இல்லை. அடியில் போட்டிருந்த இரும்புப் பலகைகள். போர்க்லிப்ட்டில் பெட்டரி வெறும் சக்தி மட்டும் தருவதில்லை. முன்னால் தூக்கும் பாரத்துக்குப் பின்னால் எதிர்ப்பாரமும் அதுதான். கலமும் டாங்கும் இலேசானவை என்பதால், வண்டி மூக்குக் குத்தாமல் இருக்க இரும்பைப் போட்டு எடையைச் சரிக்கட்டியிருந்தார்கள். மோட்டார் வாகனத்தில் எடையைக் குறைத்தால் எரிபொருள் மிஞ்சும் என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். இங்கே அந்த வழி மூடியிருந்தது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கலத்தைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும்.

கலத்தின் வினைத்திறனை அறிய ஆய்வுகூடம் வேண்டாம், வோல்ட் மீற்றர் போதும். ஐதரசனில் இருக்கும் சக்தி முழுவதும் மின்சாரமாக வந்தால் ஒரு கலம் 1.25 வோல்ட் காட்ட வேண்டும். பாரம் தூக்கும்போது நாங்கள் பார்ப்பது 0.65க்குப் பக்கம். 0.65ஐ 1.25ஆல் வகுத்தால் 52 சதவீதம். 0.60க்கு இறங்கினால் 48. மிச்சமெல்லாம் சூடு. அந்த 52இலும் காற்றை ஊதும் புளோவர், குளிர்நீர்ப் பம்பி, விசிறி எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே நூறில் ஒரு வோல்ட் குறைந்தாலும் நான் நிமிர்ந்து உட்காருவேன். எண்பது கலம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்போது அந்த நூறில் ஒன்று எண்பது தடவை குறைகிறது.

பதினேழாம் நம்பர் வண்டியின் கதைக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இரவு ஷிப்டில் அதை ஓட்டினார். ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணை, பதினேழு ஷிப்ட் முடிய முந்தியே திரும்பக் காஸ் கேக்குது. மற்ற வண்டியள் விடிய மட்டும் ஓடுது" என்றார். எழுதி வைத்திருந்த கொப்பியைப் பார்த்தேன். எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடிக்கொண்டிருந்த வண்டி ஐந்து வாரத்தில் ஆறுக்கு இறங்கியிருந்தது. எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. கசிவு இருக்கிறதா என்று எல்லாப் பொருத்துகளுக்கும் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழி வரவில்லை.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தேன். டிக், புஸ். கொஞ்ச நேரத்தில் மறுபடி டிக், புஸ். அது பர்ஜ் வால்வின் சத்தம். ஐதரசன் பக்கம் மூடிய பக்கம். உள்ளே போனது அங்கேயே நின்று வேலை செய்யும். ஆனால் மறுபக்கத்துக் காற்றிலுள்ள நைதரசன், இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் மென்சவ்வினூடாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இந்தப் பக்கம் சேரும். தண்ணீரும் சேரும். இரண்டும் சேர்ந்தால் ஐதரசனுக்கு இடமில்லாமல் கலம் மூச்சுத் திணறும். அதனால் கண் இமைக்கும் நேரம் வால்வைத் திறந்து ஊதிவிட வேண்டும். ஊதும்போது நல்ல ஐதரசனும் கொஞ்சம் போகும். அது தவிர்க்க முடியாத செலவு. ஆனால் பக்கத்தில் நின்ற பதினெட்டாம் நம்பர் ஒரு தடவை ஊதும் நேரத்தில் பதினேழு மூன்று தடவை ஊதிக்கொண்டிருந்தது.

அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கு முன்னால் யாரோ பர்ஜ் இடைவெளியைக் குறைத்து வைத்திருந்தார்கள். அதே திகதியில், கடைசிக் கலத்தின் வோல்ட் இறங்குகிறது என்ற எச்சரிக்கைகள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. வந்தவர் அடிக்கடி ஊதும்படி மாற்றினார், எச்சரிக்கை நின்றது, வேலை முடிந்தது என்று போய்விட்டார். அதைப் பார்த்த கணத்தில் எனக்குப் பலகடுவ ஏற்றம் ஞாபகம் வந்தது. கழட்டி வீசுங்க மகன்.

கடைசிக் கலம் ஏன் திணறியது? அடுக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் கலங்கள் உலோகத் தகட்டோடு ஒட்டியிருப்பவை. அவற்றின் சூடு வெளியே ஓடிவிடும். சூடு குறைந்தால் ஆவி தண்ணீராகும், தண்ணீர் காஸ் போகும் வாய்க்காலை அடைக்கும். சாதாரணமாக 65 பாகைச் சூட்டில் அடுக்கு ஓடும்போது இது நடக்காது. திரையில் அடுக்கின் சூடு 47 காட்டியது. குளிர்நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் வால்வு 'மூடியிருக்கிறது' என்றும் அதே திரை காட்டியது. அறையோ உறைகுளிர். சரி, குளிரில் நிற்கும் வண்டிக்குச் சூடு ஏற நேரமெடுக்கும் என்று நினைத்து விட்டுவிடக்கூடிய இடம் அது.

கையுறையைக் கழற்றிவிட்டு ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைத் தொட்டேன். வால்வு மூடியிருந்தால் அந்தக் குழாய் ஐஸாக இருக்க வேண்டும். அது இளஞ்சூடாக இருந்தது. திரை சொன்னது வால்வுக்குக் கொடுத்த கட்டளையை. வால்வு கீழ்ப்படிந்ததா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. கழற்றிப் பார்த்தபோது வால்வின் உள்ளிருக்கும் பந்து பாதி திறந்தபடி இறுகிப்போயிருந்தது. லொறியில் இருப்பது போல மெழுகு அடைத்த பித்தளைக் குப்பி இல்லை இது. மோட்டார் திருப்பும் பிளாஸ்டிக் வால்வு. கலத்தின் குளிர்நீரில் பித்தளை வைத்தால் செம்பு கரைந்து, அந்த நீரே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். உருவம் வேறு, வேலை அதேதான்: சூடு வரும் வரை வழியை மூடி வைப்பது.

வால்வை மாற்றினேன். பர்ஜ் இடைவெளியைப் பழைய கணக்குக்குக் கொண்டுவந்தேன். அடுக்கு 64க்கு ஏறியது. கடைசிக் கலம் மற்றக் கலங்களோடு வரிசைக்கு வந்தது. அடுத்த வாரம் அந்தத் தம்பி விடியும் வரை ஓட்டினார்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லும்போது அப்பாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் எஞ்சின் ரூமில் அவருக்கு வேலை. பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பாட்டுக் கேரியரோடு நான் போகும்போது மாடியில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். டீமேக்கர் ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி உருட்டி, கையைத் திறந்து பார்ப்பார். உருண்டை விரியும் விதத்தைப் பார்த்து ஈரம் போதவில்லை, இல்லை ஈரம் கூட என்று அவர் ஏதோ கணக்குச் சொல்வார். அப்பா கீழே விசிறியின் வேகத்தை அதற்கேற்ப மாற்றுவார். மழை நாளில் ஒரு கணக்கு, கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஒரு கணக்கு. எரிபொருள் கலத்தின் மென்சவ்வும் அந்தக் கொழுந்து மாதிரித்தான். காய்ந்தால் புரோத்தன் கடக்காது, தடை ஏறி வோல்ட் இறங்கும், கடைசியில் வெடிப்பு விழும். ஈரம் மிஞ்சினால் மூழ்கும். அறையிலிருந்து அறைக்கு, உறைகுளிரிலிருந்து லொறி நிற்கும் வெளித்தளத்துக்கு வண்டி போய் வரும்போதெல்லாம் காற்றின் ஈரம் மாறும். புளோவர் தேவைக்கு மேல் ஊதினால் மென்சவ்வு காயும். அதோடு மின்சாரத்தையும் தின்னும். தேவையான ஒட்சிசனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒட்சிசன் உள்ள காற்று போதும். மூன்று மடங்கு ஊதி என்ன பயன்?

வினைத்திறனைக் கூட்டுவது என்றால் புது ஊக்கி, புது மென்சவ்வு, குறைந்த பிளாற்றினம் என்றுதான் பத்திரிகைகள் எழுதும். அந்த ஆராய்ச்சி வேண்டும். சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவில்கூட அதற்கென்றே ஏ.ஆர்.சி.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தின் எரிபொருள் கலத் தொழில்நுட்ப மையம் இயங்குகிறது. நான் பார்த்த வரையில், தளத்துக்கு வந்துவிட்ட வண்டி வீணாக இழக்கும் சக்தியில் பெரும்பங்கு போவது வால்வு, வடிகட்டி, பம்பி, ஓட்டுநரின் பழக்கம் ஆகியவற்றின் வழியாகத்தான். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கை கராஜில் பழகிய கை.

ஓட்டுநரின் பழக்கம் என்றேனே, அதில் ஒன்று விசித்திரமானது. தேநீர் நேரத்தில் வண்டியை ஓடவிட்டே போவார்கள். பாரம் இல்லாததால் ஒவ்வொரு கலமும் 0.9 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். என் வோல்ட் மீற்றர் கணக்குப்படி அது அருமையான வினைத்திறன். ஆனால் அந்த உயரத்தில் நின்றால் ஊக்கியைத் தாங்கும் காபன் அரிக்கும், பிளாற்றினம் கரையும். இன்று வீணாவது கொஞ்சம் ஐதரசன். அடுத்த வருஷம் ஒவ்வொரு தூக்கலிலும் வோல்ட் குறைந்தே வரும். அணைத்து அணைத்துப் போடுவதும் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதே அரிப்பு கொஞ்சம் நடக்கும். நல்ல வண்டிகளில் பக்கத்தில் ஒரு லித்தியம் பெட்டரி இருக்கும். திடீரென்று பாரம் தூக்கும்போது அது கைகொடுக்கும், பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்தை வாங்கி வைக்கும். கலம் நடுத்தர வேகத்தில் ஒரே சீராக ஓடும். அந்தப் பெட்டரி கிழடானால் கலம்தான் எல்லா உலுக்கலையும் வாங்கும். காஸ் செலவு கூடுகிறது என்று வரும் வண்டியில் வால்வுக்கு அடுத்து நான் இரண்டாவதாகப் பார்ப்பது அதைத்தான்.

மூன்றாவது, காற்று வடிகட்டி. குளிர்களஞ்சியத்தின் குளிர் இயந்திரங்களில் அமோனியா ஓடும். ஒரு மாலை அந்தப் பக்கம் பழுதுபார்த்தபோது இலேசாக மூக்கில் ஏறியது; அரை மணித்தியாலத்தில் வாசம் போய்விட்டது. அன்று அந்த அறைக்குள் வேலை செய்த மூன்று வண்டிகளிலும் வோல்ட் இறங்கிப்போனது. அமோனியா மென்சவ்வுக்குள் போய்ப் புரோத்தன் நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சுத்தமான காற்றில் நாட்கணக்காக ஓட்டிய பிறகுதான் பெரும்பகுதி திரும்பி வந்தது. தூசியை மட்டும் பிடிக்கும் மலிவான வடிகட்டியை வாங்கிப் போட்டிருந்தார்கள். இரசாயனம் பிடிக்கும் கரி வடிகட்டியின் விலை அந்த மூன்று வண்டிகள் நின்ற நாட்களின் முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது மாத்தளைக்குத் திரும்பிவிட்டேன். 2022இல் என் தம்பி டீசல் வரிசையில் லொறிக்குள் படுத்துறங்கிய இரவுகளைத் தொலைபேசியில் கேட்டபோதே வந்துவிட வேண்டும் என்று தோன்றியது. தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, இங்கே ஐதரசன் வருமா என்பது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்திய உதவியில் கட்டிய 5000 தொன் வெப்பக்கட்டுப்பாட்டுக் களஞ்சியம் தம்புள்ளையில் திறக்கப்பட்டது. சந்தைக்கு வரும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அழுகாமல் இருக்க இப்படி ஓர் இடத்துக்கு நம் விவசாயிகள் வெகுகாலம் காத்திருந்தார்கள். அங்கே தூக்கி வண்டி எதில் ஓட வேண்டும்?

கணக்கை அப்படியே சொல்கிறேன். ஒரு கிலோ ஐதரசனை மின்பகுப்பில் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை அழுத்தி டாங்கில் அடைக்க இன்னும் சில யூனிட். அந்த ஒரு கிலோவில் 33 யூனிட் சக்தி இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள கலம் அதில் பாதியைத் தரும். அறுபது போட்டால் பதினாறு வருகிறது. லித்தியம் பெட்டரியில் பத்துப் போட்டால் எட்டுக்கு மேல் வரும். ஒரே ஒரு களஞ்சியம், சில வண்டிகள் என்றால் லித்தியம் பெட்டரிதான் சரி. ஐதரசனோடு இத்தனை வருஷம் வாழ்ந்த நான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சூரியப் பலகை வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. மின்சாரத்துக்கு ஆளில்லை. உக்குவளையிலும் போவதென்னயிலும் மகாவலித் தண்ணீர் சுழற்றும் இயந்திரங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. வெயிலும் தண்ணீரும் ஒன்றாக மிஞ்சும் நாட்கள் இனி கூடும். எறியப்போகும் மின்சாரத்தை நாட்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று வந்தால் ஐதரசனுக்கு இங்கே வேலை வரும். அப்படி வரும் நாளில், ஏற்கெனவே பாதிக்குக் கிட்ட வழியிலேயே இழந்து வந்த எரிபொருளை, இறுகிப்போன ஒரு வால்வுக்காகப் பர்ஜில் ஊதிவிட்டால் அது தாங்காது. டீசலில் கறுப்புப் புகையாகவாவது நட்டம் கண்ணுக்குத் தெரியும். இதில் வெளியே வருவது வெறும் ஈரக் காற்று. ஒரு கிலோ ஐதரசனுக்கு ஒன்பது கிலோ தண்ணீர்.

அதனால்தான் என் கராஜில் இருக்கும் பையன்களுக்கு இப்போதே பழக்குகிறேன். ஐதரசன் வண்டி கைக்கு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. போன கிழமை ஒரு கரட் லொறி பலகடுவயில் கொதித்து வந்தது. பையன் ஸ்பெனரோடு நேரே தெர்மோஸ்டெட்டுக்குப் போய்க் கழற்றிவிட்டான். எறிய வேண்டாம் என்றேன். பின்பக்க அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை இறக்கிவிட்டு ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தோம். தெர்மோஸ்டெட்டை ஒரு கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் பிடித்தான். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. எழுபதில் ஒன்றுமில்லை. எண்பதில் ஒன்றுமில்லை. எண்பத்து மூன்று தாண்டும்போது நடுத் தட்டு மெதுவாக மேலே எழும்பியது. முழுதாகத் திறக்கும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப இது நல்லாத்தானே இருக்குண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு."

"ரேடியேட்டரா?"

"கழட்டு. மேல தண்ணி ஊத்தி, கீழ எவ்வளவு வருதுன்னு பாரு."